ஒரு கட்டு விறகும் சிங்கராஜ வனமும்



இம்முறை நமது பாடம் காடு. காட்டைக் காப்பாற்றும் வழிகளைப் பற்றிச் சிறிது பார்ப்போம். "காட்டைப் பற்றி எங்களுக்கு என்ன பாடம்? காட்டு ஓரத்து லயத்தில்தானே பிறந்து வளர்ந்தோம்" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதில் தப்பில்லை. சென்ற வருஷம் ஒரு தோட்டத்தில் கூட்டம் வைத்து இதே விஷயத்தைப் பேசப் போனேன். மரம் மழை தரும், மரம் நிழல் தரும் என்று பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் சொல்லி முடித்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா எழுந்தார். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர்.

"ஐயா, இந்த மலை முழுக்க ஒரு காலத்துல காடுதானே? அதை வெட்டிப்போட்டு தேயிலை வச்சது யாரு? வெள்ளைக்காரன் வெட்டுனான், கேக்க ஆளில்ல. பெக்டரிக்கு லொறி லொறியா விறகு வருது, கேக்க ஆளில்ல. நான் ஒரு கட்டு விறகைத் தலையில வச்சிக்கிட்டு வந்தா மட்டும் வழிமறிக்கிறாங்க. இப்ப நீங்களும் வந்து காட்டை வெட்டாதேன்னு சொல்றீங்க. சோறு எதுல ஆக்குறது?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. ஏதோ சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது நியாயமான கேள்வி. காடு பற்றிப் பேசுகிற யாரும் முதலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பாடம் அந்தப் பெரியம்மாவுக்காக எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காடு தேயிலையான கதை

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சரித்திரத்தில் இருக்கின்றது. 1815-ல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1840-ல் அவர்கள் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பது அதன் சாரம். அப்படி எடுத்த நிலத்தைத் தோட்டக்காரர்களுக்கு மலிவாக விற்றார்கள். மலையில் காட்டை வெட்டி, எரித்து, கோப்பி நட்டார்கள். 1869-ல் கோப்பி இலையில் ஒரு பூஞ்சண நோய் கண்டது. கொஞ்ச வருஷத்தில் கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே லூல்கந்துரையில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. தாழ்ந்த மலைகளில் ரப்பரும் வந்தது.

கோடரி பிடித்தவர்களில் நம் முப்பாட்டன்மாரும் உண்டு. ஆனால் உத்தரவு வேறு யாருடையதோ, இலாபமும் வேறு யாருக்கோ. இதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனமில்லை.

இதில் நம் சப்ரகமுவவுக்கு ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்திலேயே சிலருக்குப் பயம் வந்துவிட்டது. உச்சி மலைக் காடும் போய்விட்டால் ஆறுகள் வற்றும் என்று சொல்லி, 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடக்கூடாது என்று 1870-களில் யோசனை சொன்னார்கள். அதனால்தான் சிவனொளிபாத மலைப் பக்கமும் ஹோட்டன் சமவெளியிலும் இன்றும் காடு இருக்கின்றது. ஆனால் நம் தோட்டங்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன? இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பெரும்பாலான தோட்டங்கள் 2,000 அடிக்குக் கீழே. அந்த யோசனை இங்கே எதையும் காக்கவில்லை. தாழ்ந்த மலைக் காடு கேட்பாரில்லாமல் போனது. நாடு முழுக்கப் பார்த்தால் 1880-களில் நிலத்தில் பத்தில் எட்டுப் பங்கு காடு என்று கணக்குச் சொல்வார்கள். இன்று பத்தில் மூன்று. மழை கொட்டுகிற நம் தென்மேற்குப் பகுதியில் இயற்கைக் காடு பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மிஞ்சியதும் துண்டு துண்டாகக் கிடக்கின்றது.

அந்தத் துண்டுகளில் பெரியது நம் வாசலில் இருக்கிறது. அதுதான் சிங்கராஜ வனம்.

சிங்கராஜவுக்கு வந்த ஆபத்து

இறக்குவானை, கலவானைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. கலவானையிலிருந்து வெத்தாகல வழியாகக் குடாவைக்குப் போனால் ஒரு வாசல். இறக்குவானைக்கு மேலே சூரியகந்தைப் பக்கம் மோர்னிங்சைட் என்ற பகுதி. இரத்தினபுரி, காலி, மாத்தறை என்று மூன்று மாவட்டங்களில் 11,000 ஹெக்டயருக்குச் சற்று மேலே பரந்திருக்கின்றது. வடக்குப் பக்கத்து ஓடைகள் களு கங்கைக்குப் போகின்றன, தெற்குப் பக்கத்து ஓடைகள் கிங் கங்கைக்கு. அங்குள்ள மர வகைகளில் நூற்றுக்கு 60-க்கு மேல் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

இவ்வளவு பெரிய காடு தப்பியதற்கு முதல் காரணம் யாருடைய நல்ல மனதும் இல்லை. பாதை கிடையாது, செங்குத்து, அட்டைக்கடி. அதனால் விட்டுவைத்தார்கள். பிறகு 1968-ல் அரசாங்கம் ஒரு தீர்மானம் எடுத்தது. அவிசாவளைக்கு அந்தப் பக்கம் கொஸ்கமவில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை போட்டு, அதற்கு வேண்டிய மரத்தைச் சிங்கராஜவில் வெட்டுவது என்று. 1970-களின் தொடக்கத்தில் யந்திரங்கள் உள்ளே போயின. காட்டுக்குள் லொறிப் பாதை வெட்டினார்கள். டிராக்டர் கட்டி மரம் இழுத்தார்கள். ஏறத்தாழ 1,400 ஹெக்டயரில் வெட்டு நடந்தது.

எதிர்ப்பும் தொடங்கியது. பல்கலைக்கழக ஆசிரியர்கள், இயற்கைச் சங்கங்கள், பத்திரிகைகள் எல்லாம் சேர்ந்து விடாமல் கேட்டார்கள். வெளிநாட்டு உதவியோடு, அரசாங்கமே நடத்தும் வேலை. அதை நிறுத்துவது லேசான காரியமா? ஆனாலும் 1977-ல் வெட்டு நின்றது. 1978-ல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்றது. 1988-ல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டுச் சட்டத்திலும் அதே வருஷம் அதற்கு உயர்ந்த பாதுகாப்புக் கிடைத்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் நமக்குப் பாடம். வெட்டை நிறுத்திய இடத்தில் என்ன ஆனது?

பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரர்கள் குடாவைப் பக்கம் வருஷக்கணக்காக அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மரத்தை வெட்டினாலும் மண்ணைக் குழப்பாத இடத்தில், பக்கத்தில் தாய் மரம் நிற்கிற இடத்தில், காடு தானாகத் திரும்பி வந்தது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. டிராக்டர் ஓடி மண் கல்லாக இறுகிய தடத்தில் மட்டும் பழைய மரங்கள் வர மிகவும் சுணங்கியது.

காட்டு ஓரத்தில் அடிக்கடி தீ வைத்துச் சேனை செய்த இடம் அதைவிட மோசம். அங்கே கெக்கில்லா என்கிற பன்னம் மூடிவிடும். கைமுறியாமல் உள்ளே நடக்க முடியாத அந்தப் புதரை நம் ஆட்களுக்குத் தெரியும். அது மூடிய இடத்தில் மரக்கன்று தலை தூக்காது. காய்ந்தால் உடனே தீப்பிடிக்கும். தீ பட்டபின் மறுபடி கெக்கில்லாவே முளைக்கும்.

ஏன் மரம் வருவதில்லை? சிங்கராஜவின் பெரிய மரங்களான ஹொர, பெரலிய இனங்களின் விதை பாரமானது. காற்றில் தூரம் போகாது, தாய் மரத்தடியில்தான் விழும். அதுவும் எல்லா வருஷமும் காய்க்காது. விழுந்த விதை காய்ந்தால் செத்துப்போகும். நெல் மாதிரி மூட்டை கட்டி வைத்து அடுத்த வருஷம் விதைக்க முடியாது. ஆகவே தாய் மரம் போனால் அந்தக் குடும்பமே போச்சு. சின்ன விதைகளைப் பறவைகள் கொண்டுபோகும். சிங்கராஜவில் பல இனப் பறவைகள் ஒன்றாகக் கூடி, பெரட்டுக்குப் போகிற ஆட்கள் மாதிரிக் கூட்டமாக இரை தேடும். ஆனால் பறவையும் வெட்ட வெளியில் வந்து உட்காராது.

1980-களை ஒட்டி, காட்டைச் சுற்றி எல்லையாக இருக்கட்டும் என்று கெக்கில்லா மூடிய இடங்களில் பைனஸ் நட்டார்கள். பைனஸ் என்றால் நம் ஆட்களுக்குப் பிடிக்காது. அதன் கீழே புல் வராது, தண்ணீரைக் குடித்துவிடும், தீப்பிடிக்கும் என்பார்கள். இதில் உண்மை இருக்கின்றது. பைனஸ் தோப்பு காடு ஆகாது. ஆனால் அதன் நிழலில் கெக்கில்லா அடங்கிப்போனது. 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் பைனஸ் வரிசைகளில் சிலவற்றை மட்டும் எடுத்து, அந்த இடைவெளியில் காட்டு மரக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில் கன்றுகள் நன்றாக வளர்ந்தன. முழு நிழலிலும் வராத கன்று, முழு வெயிலிலும் வராத கன்று, அரை நிழலில் வந்தது. தேயிலைக்கு நிழல் மரம் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்த நமக்கு இது புரியாத விஷயமா?

நிற்கிற காட்டை விட்டுவைப்பதுதான் காட்டைக் காக்கும் வழிகளில் மலிவானது என்பதைச் சிங்கராஜ காட்டியது. அழித்துவிட்டு நடுவது இருபது, முப்பது வருஷ வேலை. சுற்றாடல் தினத்தன்று ஒரு கன்றை நட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. (நானும் படத்தில் நின்றிருக்கிறேன். அந்தக் கன்றுகளில் முக்கால்வாசி ஆட்டு வயிற்றில் போயின.)

பீலித் தண்ணீர்

இனி நம் லயத்துக்கு வருவோம். நான் பிறந்தது யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில். லயத்துக்கு மேலே ஒரு சின்னக் காட்டுத் துண்டு இருந்தது. அதிலிருந்து வருகிற ஊற்றைத் தகரப் பீலியில் விட்டுத்தான் நான்கு லயத்துச் சனமும் குடித்தது. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அந்தத் துண்டை வெட்டிவிட்டார்கள். மறு வருஷம் மாசி, பங்குனியில் பீலி நூல் மாதிரி ஆகிவிட்டது. அம்மா இரவு பதினொரு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு என்னைக் காவலுக்கு உட்கார வைப்பார். முறை வர விடியும். மழைக்காலத்தில் அதே பீலியில் செம்மண் தண்ணீர் வரும். துணியில் வடிகட்டிக் குடித்தோம்.

இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேலே மழை பெய்கின்றது. அப்படிப்பட்ட ஊரில் பங்குனியில் தண்ணீருக்கு அடிபிடி எதற்கு? மழை போதாமல் இல்லை. பெய்த மழையைப் பிடித்து வைக்க இடமில்லை. காட்டுத் தரையில் இலைச் சருகு கிடக்கும். அதன் கீழே வேரும் புழுவும் துளைத்த பொலபொலப்பான மண். மழைத் தண்ணீர் அதில் இறங்கி, மெல்ல மெல்லக் கீழே போய், வாரம் மாதம் கழித்து ஊற்றாக வரும். வெட்ட வெளியில் விழுகிற மழை அன்றைக்கே கானில் ஓடி, மண்ணையும் அள்ளிக்கொண்டு, கங்கைக்குப் போய்விடும். தேயிலை மலையில் சரியாகக் கான் வெட்டி, கவ்வாத்துக் குச்சியை அங்கேயே பரப்பி வைத்தால் ஓரளவு தண்ணீர் இறங்கும். ஆனால் காட்டுக்கு ஈடாகாது.

ஆகவே உங்கள் பீலி எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் ஏறிப்போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊற்றுக் கண்ணுக்கு மேலே இருக்கிற துண்டுக் காட்டை, அது அரை ஏக்கராக இருந்தாலும் சரி, கோயில் மாதிரி வைத்திருக்க வேண்டும். அங்கே கத்தி போகக்கூடாது, ஆடு மாடு போகக்கூடாது, தீ போகக்கூடாது. மாணிக்கம் கிடைக்கும் என்று ஓடைக்கரையை இரவோடு இரவாகத் தோண்டுகிற ஆட்களும் நம் மாவட்டத்தில் உண்டு. கரை மரம் விழுந்தால் ஓடை அகன்று ஆழமில்லாமல் போகும். அப்படிப்பட்டவர்களுக்கு நம் பிள்ளைகள் கூலிக்குப் போகிறார்களா என்று தோட்டக் கமிட்டி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில், விறகுக்கும் ஆச்சு, பசுமைக்கும் ஆச்சு என்று நினைத்து ஒரு ஊற்றுக்குப் பக்கத்தில் யூகலிப்டஸ் நட வைத்தேன். "தண்ணி ஓரத்துல இதை வைக்காதீங்க தம்பி" என்று ஒரு வயசான கங்காணி சொன்னார். கேட்கவில்லை. மரம் பனை மாதிரி வளர்ந்தது. ஆறேழு வருஷத்தில் ஊற்று இளைத்தது. வேகமாக வளர்கிற மரம் வேகமாகத் தண்ணீரும் எடுக்கும். பிறகு நிர்வாகத்திடம் பேசி அவற்றை எடுத்துவிட்டு, பலா, ஜம்பு, கித்துள், நா மரம் என்று கலந்து வைத்தோம். முழுதாகப் பழையபடி ஆகவில்லை. யூகலிப்டஸ் கெட்ட மரமில்லை. காய்ந்த மேட்டில் விறகுக்கு நல்ல மரம். ஊற்றோரத்தில் வைத்ததுதான் பிழை.

சோறு எதுல ஆக்குறது?

இப்போது பெரியம்மாவின் கடைசிக் கேள்வி. 2022-ல் காஸும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது டவுன் ஆட்களும் விறகு தேடினார்கள். நமக்கு அது புதிதில்லை, எப்போதும் விறகுதான். ஆகவே "காட்டில் விறகு எடுக்காதே" என்று மட்டும் சொல்கிறவன் பாதிப் பாடம்தான் சொல்கிறான். வேறு எங்கே எடுப்பது என்று சொல்ல வேண்டும்.

நம் உயரத்துக்குக் கிளிரிசிடியா மாதிரி ஒரு மரம் கிடையாது. 2005-ஐ ஒட்டி அரசாங்கம் அதைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிர் என்றே அறிவித்தது. காரணம், அதைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. முற்றிய கம்பு ஒன்று போதும். கைப்பருமனில், நான்கைந்து அடி நீளத்தில் வெட்டி, அடியைச் சாய்வாகச் சீவி, ஒரு அடி ஆழத்துக்கு மண்ணில் நட்டு இறுக்க வேண்டும். மழை தொடங்கும்போது நட வேண்டும். வைகாசி மழை, இல்லாவிட்டால் ஐப்பசி மழை. வெயிலில் நட்டால் பத்தில் எட்டுச் சாகும். லயத்துக் கொல்லையைச் சுற்றி மூன்றடிக்கு ஒன்றாக வேலி மாதிரி வைக்கலாம். ஒரு வருஷம் விட்டுவிட்டுப் பிறகு கிளை வெட்டலாம். வெட்ட வெட்டத் தழைக்கும். கம்பு விறகுக்கு, இலை மரக்கறித் தோட்டத்துக்கு உரம், மிச்சத்தை ஆடு மாடு தின்னும். ஒரு குடும்பத்தின் முழு விறகும் இதில் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காட்டுக்குப் போகிற நாட்கள் குறையும்.

கவ்வாத்து மலையில் கிடைக்கிற குச்சி, நிழல் மரம் கொத்தும்போது விழுகிற கிளை, ரப்பர் மலையைப் புதிதாக நடும்போது சாய்க்கிற மரம், இவற்றில் தொழிலாளர் குடும்பத்துக்கு எவ்வளவு, எந்த நாளில் என்பதைத் துரையோடு பேசி முன்கூட்டியே முடிவு பண்ண வேண்டும். பல தோட்டங்களில் சண்டை வருவதே அது பேசப்படாமல் இருப்பதால்தான். மாதாந்தக் கூட்டத்தில் சம்பளம், பெயர் வெட்டு பேசுகிற தலைவர்மார் விறகையும் ஒரு விஷயமாக எடுக்கலாம்.

அடுத்தது அடுப்பு. மூன்று கல் அடுப்பில் எரிகிற விறகின் சூட்டில் பெரும்பகுதி பானைக்குப் போவதில்லை. பக்கத்தில் நிற்கிற நமக்கும் கூரைக்கும் போகின்றது. அனகி அடுப்பு என்று இரண்டு பானை வைக்கிற மண் அடுப்பு நம் நாட்டிலேயே செய்கிறார்கள். ஒரு வாயில் விறகு வைத்தால் முன் பானையில் சோறும் பின் பானையில் கறியும் ஆகும். சுற்றிலும் களிமண் பூசி நிலையாக வைக்க வேண்டும். விறகு நன்றாக மிஞ்சும், புகையும் குறையும். காம்பராவுக்குள் சமைக்கிற தாய்மாருக்கும் கைப்பிள்ளைகளுக்கும் இருமல், இழுப்பு வருவதில் புகைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை மருந்துக் காம்பராவில் கேட்டுப் பாருங்கள்.

காசு செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. விறகைக் காயவைத்து எரிப்பது. பச்சை விறகில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர். அடுப்பில் வைத்தால் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கத்தான் நெருப்புச் செலவாகும். மாசி, பங்குனி வெயிலில் பிளந்து, காற்றுப் போக அடுக்கி, மேலே தகரம் போட்டு வைத்தால் வைகாசி மழையில் இரண்டு கட்டு வேலையை ஒரு கட்டு செய்யும்.

பெரியம்மா சொன்ன பெக்டரி லொறியையும் நான் மறக்கவில்லை. நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்தால் ஒரு கிலோ தூள். அதற்குத் தேவையான சூடு நம் பக்கத்துப் பெக்டரிகளில் பெரும்பாலும் விறகில்தான். நம் மாவட்டங்களில் வயசான ரப்பர் மரம் அதற்கு நிறையப் போகின்றது, அது நல்லது. தோட்டக் கம்பெனி தன் தரிசு மூலைகளில் தனக்கு வேண்டிய விறகைத் தானே வளர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். செய்கிற தோட்டங்கள் இருக்கின்றன. செய்யாத தோட்டம் தொழிலாளியின் தலைக்கட்டைப் பிடித்து விசாரிக்க வெட்கப்பட வேண்டும்.

மலை இடிந்த நாட்கள்

காட்டைப் பேசும்போது மண்சரிவைப் பேசாமல் விட முடியாது. 2003 மே மாதத்து மழையை இரத்தினபுரியில் யாரும் மறக்கவில்லை. 2016 மே 17-ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை இடிந்து ஊர்களையே மூடியது. அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்தில் மண் விழுந்து நம் சனம் பத்துப் பேருக்கு மேல் போனார்கள். மரம் இருந்தால் மலை இடியவே இடியாது என்று சொல்வது பொய். நாள் கணக்கில் கொட்டுகிற மழையில் ஆழத்தில் நகர்கிற மலையை எந்த வேரும் பிடிக்காது. ஆனால் மேல்மண் சரிவதை வேர் பிடிக்கும். செங்குத்தான சரிவில் மரத்தை வெட்டி, அடியில் மண்ணைச் சீவி வீட்டுக்கோ பாதைக்கோ இடம் எடுத்தால் ஆபத்தைக் கூப்பிட்டு வைக்கிறோம். பெரிய மழையில் நிலத்தில் வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்குகிற அல்லது நின்றுபோகிற ஊற்று, இவற்றைக் கண்டால் சாமான் எடுக்க நிற்காமல் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கம்பியும் பட்டையும்

இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை. பன்றிக்கு என்று கம்பிச் சுருக்கு வைக்கிறீர்கள். சுருக்குக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்தது. கருஞ்சிறுத்தை இந்நாட்டில் மிக அபூர்வம். பன்றி நம் மரவள்ளியை அழிப்பதும் உண்மைதான், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களின் காலும் அதே கம்பிக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது.

இன்னொன்று வல்லப்பட்டை. அதன் பிசின் வெளிநாட்டில் வாசனைப் பொருளாக விலை போகின்றது. பத்துப் பதினைந்து வருஷமாகச் சிங்கராஜவைச் சுற்றி இதற்காக மரம் வெட்டிப் பிடிபட்டவர்கள் ஏராளம். வியாபாரி ஒருபோதும் காட்டுக்குள் வரமாட்டான். ஒரு நாள் கூலிக்கு நம் பையனை அனுப்புவான். பிடிபடுவது, தண்டம் கட்டுவது, மறியலில் இருப்பது எல்லாம் நம் பையன்.

பெரியம்மாவுக்குச் சொன்ன பதில்

இரண்டு மாதம் கழித்து அதே தோட்டத்துக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை பிரசங்கம் செய்யவில்லை. இந்தியாவில் இமய மலைப் பக்கம் ரேணி என்ற கிராமத்தில் 1974-ல் நடந்ததைச் சொன்னேன். கொந்தராத்துக்காரனின் ஆட்கள் மரம் வெட்ட வந்த நேரம் ஊர் ஆண்கள் யாரும் இல்லை. கௌரா தேவி என்கிற, பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் இன்னும் இருபத்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய் மரத்துக்கும் கோடரிக்கும் நடுவே நின்றார். அந்தப் பெண்களும் விறகுக்கும் புல்லுக்கும் அதே காட்டுக்குத்தான் போகிறவர்கள். காட்டில் கை வைக்காதவர்கள் அல்ல. காடு போனால் யாருடைய தலையில் சுமை ஏறும் என்று தெரிந்தவர்கள்.

பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் காடு அவங்களோடதா ஐயா?" என்றார்.

இல்லை, அரசாங்கத்தினுடையது என்றேன்.

"எங்க பீலிக் காடு மாதிரின்னு சொல்லுங்க" என்றார். நிலம் நமக்குச் சொந்தமில்லை, லயம் நமக்குச் சொந்தமில்லை, பிறகு காட்டை நாம் ஏன் காக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. காணி உரிமை வேறு ஒரு நீண்ட வழக்கு. ஆனால் பீலித் தண்ணீர் யார் பெயரில் உறுதி இருக்கிறது என்று பார்த்து வருவதில்லை.

அன்று கூட்டம் முடிந்தபின் கமிட்டி ஆட்களும் சில பெண்களும் ஊற்றுக் கண் வரைக்கும் ஏறினோம். சுற்றிக் கம்பு நட்டு எல்லை போட்டார்கள். மேலே காய்ந்து விழுந்த குச்சியை மட்டும் எடுக்கலாம், அதுவும் ஊற்றுக்குக் கீழ்ப்பக்கம்தான் என்று பேசி முடித்தார்கள். எட்டுக் குடும்பம் கொல்லையில் கிளிரிசிடியா வைத்தது. இரண்டு குடும்பத்தில் பட்டுப்போய்விட்டது, காய்ந்த கம்பை நட்டதால். மற்ற ஆறும் தழைத்து நிற்கின்றன.

பெரியம்மாவின் வேலியில் இருபத்திரண்டு கம்பு. போன கிழமை அந்தப் பக்கம் போனபோது என்னைக் கண்டதும் கூப்பிட்டார். "ஐயா, துரைகிட்ட கேட்டீங்களா, பெக்டரி விறகுக்கு மரம் எப்ப நடப்போறாங்கன்னு?"

கேட்டிருக்கிறேன். வைகாசி மழைக்கு ஐயாயிரம் கன்று என்று சொல்லியிருக்கிறார்கள். நர்சரியில் பை நிரப்ப ஆட்கள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கணக்கப்பிள்ளையிடம் பெயர் கொடுங்கள்.